நவவீரருக்கு வந்த தள்ளாட்டம்

நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் லேபில் ஐஸ் கிடையாது. ஃப்ரிட்ஜ் உண்டு. ஆனால் ஐஸ் தட்டு வைக்க இத்தனூண்டு இடம் விட்டாலும் அதில் யாராவது ஒரு சீரம் டியூபைச் செருகிவிடுவார்கள். அதனால் வார்டிலிருந்து ‘லாக்டேட்’ என்று போன் வந்தால் நான் முதலில் கையில் எடுப்பது ஊசியை அல்ல, எவர்சில்வர் தூக்கை. ரோட்டைத் தாண்டினால் கரும்புச் சாறு கடை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், “இன்னாமா, ரத்தத்துக்கா ஜூஸுக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஐஸ் கட்டியை உடைப்பார். ரத்தத்துக்கு என்றால் பெரிய கட்டியாகப் போடுவார். நல்ல மனுஷன்.

டியூபுக்குள் போன பிறகும் ரத்தம் சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள செல்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட் என்ற அமிலத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். வெளியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் நோயாளிக்கு இல்லாத வியாதி டியூபுக்கு வந்துவிடும். சாம்பல் மூடி டியூபும் ஐஸும் அந்தத் தீனியை அடக்கி வைப்பதற்குத்தான்.

போன மாதம் லேப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். புது மெஷின் வந்திருக்கிறதாம். ஒரு சொட்டு விட்டால் டீ ஆறுவதற்குள் லாக்டேட் சொல்லிவிடுமாம். தூக்குக்கு இனி வேலையில்லை என்று சிரித்தார்கள். ரொம்ப சந்தோஷம் என்றேன், மனசாரத்தான் சொன்னேன். மழையில் தூக்கோடு அந்த ரோட்டைத் தாண்டியவளுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். ஆனால் வாய் சும்மா இருக்காதே. “உங்க மெஷின் ரெண்டு லாக்டேட்டையும் சொல்லுமா?” என்று கேட்டுவிட்டேன். முழித்தார்கள். அப்புறம், ஆஸ்பத்திரி மலரில் போடுகிறோம், எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். வம்பை விலைக்கு வாங்கியது நான்தான், எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர் தன் பெயரையே போடச் சொன்னார். எனக்குத்தான் மனசு வரவில்லை.

நான் செவிலிமேட்டுக்காரி. அப்பாவுக்குப் பாலாற்றங்கரையில் செங்கல் சூளை வேலை, அம்மாவுக்கு நடவும் களையெடுப்பும். சர்ச் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் சொல்லி, சென்னையில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தேன். ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர அந்த வருஷங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வந்து இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன், இங்கேயே ரிட்டையர் ஆனேன். ஒரே இடத்தில் இருந்து சலிக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இடம்தான் ஒன்று, ரத்தம் ஒன்றா?

எங்கள் லேபுக்குத் தலைவர் டாக்டர் சம்பத். வீட்டில் தெலுங்கு பேசுகிற வியாபாரக் குடும்பம். கோயிலுக்குள் போவது மாதிரி செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் லேபுக்குள் வருவார். அவருக்குச் சத்தம் போடவே தெரியாது. ஒரு ரிசல்ட் கோணலாக வந்தால், “யாரு எடுத்தது? எப்படி எடுத்தது?” என்று மட்டும் கேட்பார். பதில் சொல்லி முடித்த பிறகும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதற்குத் திட்டு வாங்குவதே மேல். பிரமாதம், சபாஷ் எல்லாம் அவர் வாயில் வராது. மனசு நிறைந்தால் ஒரே ஒரு தெலுங்கு வார்த்தை வரும்: “பாகுந்தி.” நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்க வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

நான் சேர்ந்த புதிதில் லாக்டேட் எடுக்கும் விதத்தை வாயால் அவர் சொல்லித்தரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுத் தன் கையையே நீட்டினார். முதலில் ரப்பர் கட்டுப் போடாமல், கையைத் தளர்த்தி வைத்து எடுக்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு கையில் கட்டை இறுக்கி, விரல்களை மடக்கி மடக்கி விரித்து எடுக்கச் சொன்னார். ஒரே மனுஷன், ஒரே நேரம். இரண்டாவது டியூபில் லாக்டேட் தாறுமாறாக ஏறியிருந்தது. இரண்டு சீட்டையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த ஊரில் அது பெரிய தலைவலி. நெசவுக் கை, எப்போதும் எதையாவது பிடித்துப் பிடித்துப் பழகிய கை. கையை நீட்டச் சொன்னால் தானாக மூடிக்கொள்ளும். தளர்த்தச் சொன்னால் இன்னும் இறுகும். இதில் பேர்போனவர் ஆறுமுகம் ஐயா. நெசவுக்காரத் தெருவுக்குப் பெரியவர், கோயில் காரியம் எல்லாம் அவர் வாக்குதான். சர்க்கரை வியாதிக்காக மாதாமாதம் எங்களிடம் வருவார். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் “நர்சம்மா” என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அவரோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போய், “ஐயா, விபூதி வாங்குற மாதிரி கைய வைங்க” என்றேன். அந்தக் கை அப்படியே மலர்ந்தது. சர்ச்சுக்குப் போகிற நான் அன்றிலிருந்து ரிட்டையர் ஆகும்வரை ஊர் முழுக்க விபூதி வாங்க வைத்தே ரத்தம் எடுத்தேன்.

இனி குமரவேல் கதை.

குமரவேல் அதே தெருவில் பட்டு நெய்கிறவர். நாற்பதைத் தாண்டாத வயது. சில வருஷங்களுக்கு முன் குடல் முறுக்கிக்கொண்டு, வேறு ஊரில் ஆபரேஷன் செய்து சிறுகுடலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். பிழைத்து வந்து பழையபடி தறியில் உட்கார்ந்தார். அவர் குடும்பத்துக்கு ஒரு பாத்தியதை உண்டு. கந்த சஷ்டியில் சூரசம்ஹாரம் நடக்கும்போது முருகனுக்கு முன்னால் ஒன்பது பேர் கச்சை கட்டி, கத்தி ஏந்தி நடப்பார்கள். நவவீரர் என்று பெயர். அந்த ஒன்பதில் ஓர் இடம் பாட்டன் காலத்திலிருந்து அவர் வீட்டுக்கு. சஷ்டி முழுக்க விரதம் இருந்துதான் கட்ட வேண்டும். எங்கள் ஊர் நெசவாளிக்கு அது சேலைக்கு வாங்குகிற விருதைவிடப் பெரிசு.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகை கழிந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேச்சு குழறுகிறது, கால் பின்னுகிறது, கண் சொக்குகிறது. பார்த்தால் யாரும் குடித்திருக்கிறார் என்றுதான் சொல்வார்கள், தெருவும் அதைத்தான் சொன்னது. நான் கை பிடித்து ரத்தம் எடுக்கும்போது மோந்து பார்த்தேன். என் அப்பா குடித்தவர், என் மூக்கை ஏமாற்ற முடியாது. வாசனையே இல்லை. ரத்தத்தில் சாராயம் இருக்கிறதா என்று வெளியே அனுப்பிப் பார்த்ததிலும் இல்லை என்றே வந்தது. உடனே தெரு, அப்படியானால் மாத்திரை போடுகிறான் என்றது.

எங்கள் டெஸ்டுகள் வேறு ஒன்றைச் சொல்லின. ரத்தத்தில் உள்ள உப்புகளை ஒரு பக்கம் கூட்டி, மறுபக்கம் கழித்தால், மிச்சம் ஒரு இடைவெளி நிற்கும். அது வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால், நாம் பெயர் கேட்காத ஏதோ ஒரு அமிலம் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். குமரவேலுக்கு அது மிகப் பெரிதாக இருந்தது. சர்க்கரை சரி, கிட்னி சரி, கீட்டோன் இல்லை. லாக்டேட்தான் என்று அடித்துச் சொல்லலாம் என நினைத்து, தூக்கோடு ஓடி ஐஸ் வாங்கி வந்து போட்டால், அதுவும் நார்மல். டாக்டர் சம்பத், எப்படி எடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சரியாக எடுத்தவளுக்கு என்ன பயம்?

வாயால் ஒன்றும் கொடுக்காமல் சலைன் ஏற்றினார்கள். மறுநாள் ஆள் பளிச்சென்று எழுந்து உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டார். போதை தெளிந்துவிட்டது என்று தெரு முடிவு கட்டியது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆறுமுகம் ஐயா அந்த மாதம் சர்க்கரை பார்க்க வந்தபோது என்னிடமே சொன்னார், இந்த வருஷம் குமரவேலுக்குக் கச்சை கிடையாது, பங்காளி ஒருவனுக்குக் கொடுக்கப்போகிறோம் என்று. வேஷம் கட்டியவன் சாமி முன்னால் தள்ளாடினால் தெருவுக்கே குற்றமாம். ஒருமுறை கைமாறினால் அப்புறம் திரும்பி வராது, அது எல்லோருக்கும் தெரியும். “அவன் அப்பன் எனக்கு சிநேகிதன் நர்சம்மா. எனக்கு மட்டும் வயிறு எரியலையா?” என்றார். கண் கலங்கியிருந்தது. அன்று அவரை நான் வம்புக்கிழுக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் குமரவேல் மறுபடி வந்தார், முன்னைவிட மோசமாக. கூட மனைவி சரசு மட்டும்தான், தெருக்காரர்கள் யாரும் வரவில்லை. நான் கை பிடித்தபோது அவரால் விரலை விரிக்கவே முடியவில்லை. சரசுதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். அழவில்லை, கோபமாக இருந்தாள்.

“இவரு குடிக்கல மேடம். நான் கூடவே இருக்குறேன், எனக்குத் தெரியாதா? விரதம் இருக்கிற அன்னிக்கெல்லாம் கல்லு மாதிரி இருக்குறாரு. விரதம் முடிச்சி பொங்கலு சாப்பிட்டா தள்ளாடுறாரு. அதையே சொல்லிக்கினு, விரதம்னா குடிக்க மாட்டான், முடிஞ்சா குடிக்கப் பூடுவான்னு தெருவே பேசுது. நான் தெளியட்டும்னு சக்கர போட்டு மோர் கரைச்சி கரைச்சி ஊத்துறேன். ஊத்த ஊத்த அதிகமாத்தான் ஆவுது.”

எங்கள் ஊரில் மயக்கம், போதை, வெயில் எது என்றாலும் மோர்தான் கைகண்ட வைத்தியம். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது. விரதத்தில் நல்லாயிருக்கிறார், சலைன் மட்டும் ஏற்றினால் நல்லாயிருக்கிறார், சாப்பிட்டால் தள்ளாடுகிறார், மோர் கொடுத்தால் இன்னும் தள்ளாடுகிறார். நேராகப் போய் டாக்டர் சம்பத்திடம் அப்படியே ஒப்பித்தேன்.

அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் தன் செருப்பு. செருப்போடு வாசல் தாண்டினாலே முறைக்கிற மனுஷன், அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

“ரெண்டும் ஒரே தோல், ஒரே அளவு. ஆனா வலது கால் செருப்பு இடது காலுக்குச் சேராது இல்லம்மா? லாக்டேட்டும் அப்படித்தான், வலது இடது ரெண்டு இருக்குது. நம்ம உடம்பு செய்யறது ஒண்ணு. நம்ம மெஷின் மருந்துக்கு அந்த ஒண்ணைத்தான் அடையாளம் தெரியும். இன்னொண்ண செய்யறது குடல்ல இருக்குற கிருமி. அது எவ்ளோ இருந்தாலும் நம்ம மெஷின் நார்மல்னுதான் சொல்லும்” என்றார்.

சிறுகுடல் குட்டையானவருக்கு, இனிப்பும் சோறும் செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கிவிடுகிறது. அங்கே இருக்கிற கிருமிகளுக்குக் கல்யாண விருந்து. தின்று தின்று அந்த இன்னொரு லாக்டேட்டைக் கொட்டுகின்றன. அது மூளை வரை போய் ஆளைத் தள்ளாட வைக்கிறது. தயிரும் மோரும் போனால் அதே ஜாதிக் கிருமி இன்னும் கொஞ்சம் போகிறது. ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராது, தானும் புத்தகத்தில் படித்ததுதான் என்றார். வார்டு டாக்டருக்கு அவரே போன் செய்தார். அந்த டாக்டர் மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார், இரண்டு பேரும் செருப்புக்கு எதிரே நின்று பேசினார்கள்.

அதைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் எங்களிடம் இல்லை. சென்னையில் டாக்டர் சம்பத்தோடு படித்த ஒருவரின் ஆராய்ச்சிக்கூடத்தில் உண்டு. ஒரே நிபந்தனை, ஆள் தள்ளாடும்போது எடுத்த ரத்தம் வேண்டும். தெளிந்த பிறகு எடுத்தால் ஒன்றும் இருக்காது. சலைன் ஏற்றுவதற்கு முன்னால் நான் எடுத்தது ஐஸில் இருந்தது. அதை மெஷினில் வேகமாகச் சுற்றிப் பிரித்து, மேலே நின்ற தெளிந்த நீரை மூன்று சின்ன டியூபில் ஊற்றினேன். ஒன்று உடைந்தால் ஒன்று இருக்கட்டுமே. கரும்புச் சாறு கடைக்காரர் அன்று தூக்கு நிறைய ஐஸ் போட்டு, மேலே மரத்தூளும் தூவிக் கொடுத்தார்.

கூரியரை நம்ப எனக்கு மனமில்லை, நானே பஸ் ஏறினேன். மடியில் தூக்கு, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கண்டக்டர், மீனா என்று கேட்டார். ரத்தம் என்றேன். சென்னை போய்ச் சேரும்வரை என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. நல்ல காற்றாட வசதியாகப் போனேன்.

ரிசல்ட் வருவதற்குள் சஷ்டி நெருங்கிவிட்டது. வார்டு டாக்டர் காத்திருக்காமல் கிருமிக்கு மருந்து கொடுத்து, இனிப்பும் தயிரும் கூடாது, சோறு கொஞ்சமாக என்று சொல்லி அனுப்பியிருந்தார். குமரவேல் நிதானமாகத்தான் இருந்தார். ஆனால் தெருவுக்கு அது எப்படிப் புரியும்? விரதத்துக்கு முன்னால் நல்லவன் வேஷம் போடுகிறான் என்றார்கள். தறியில் உட்கார்ந்தபடி அவர் ஒரு நாள், பார்க்கப் போன என்னிடம், “கச்சை போனா போவட்டும் மேடம். என் பொண்ணு ஸ்கூல்ல, உங்கப்பன் குடிகாரன்னு சொல்றாங்களாம். அது ஒண்ணுதான்” என்றார்.

ரிசல்ட் வந்தது. அந்த இன்னொரு லாக்டேட் எக்கச்சக்கம். டாக்டர் சம்பத் சீட்டைப் படித்துவிட்டு, ஆறுமுகம் ஐயாவை வரச்சொல் என்றார். குமரவேலிடம் கேட்டுக்கொண்டுதான், அவரையும் சரசுவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசினார். ஐயா மேல்துண்டை மடியில் போட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“எனக்கு சயின்ஸ் எல்லாம் வேணாம் டாக்டரே. அவன் குடிச்சானா இல்லியா?”

“குடிக்கல. அவர் வயித்துக்குள்ளயே ஒண்ணு புளிக்குது.”

“அப்போ வயித்துக்குள்ளயே சாராயம் காயுதா? அது இன்னும் அநியாயமா இருக்குதே!”

போச்சு, காரியம் கெட்டது என்று நினைத்தேன். டாக்டர் பதறவேயில்லை. சாராயம் இல்லை, பாலைத் தயிராக்குகிற புளிப்பு எதுவோ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்றார். ஐயா அந்தச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

“தயிர்ப் புளிப்பு” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்தார். “தயிருல முருகனுக்கே அபிஷேகம் பண்றோம். அதுல இன்னா தீட்டு?” என்றவர், குமரவேல் பக்கம் திரும்பி, “விரதத்த ஒழுங்கா இருடா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டோம். வீட்டுக்குப் போகிற வழியில் சரசுக்குத்தான் ஞாபகம் வந்தது, திரும்பி வந்து சொன்னாள். சூரசம்ஹாரம் முடிந்ததும் ஒன்பது வீரர்களுக்கும் கோயிலில் பானகம் கொடுப்பார்கள். கெட்டியாக வெல்லம் கரைத்த பானகம், கிண்ணம் நிறைய. வெறும் வயிற்றில் குடித்தால் திரும்பவும் தள்ளாட்டம்தான். குடிக்காவிட்டால் பிரசாதத்தை மறுத்தவன் ஆவார், அதுவும் தெரு முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது. டாக்டர் சம்பத்திடம் சொன்னேன். மருந்து கொடுக்கலாம், டயட் சொல்லலாம், சாமி கொடுப்பதை வேண்டாம் என்று எழுதித் தர என்னால் ஆகாது என்றார். முதல்முறையாக அவர் முகத்தில் கவலையைப் பார்த்தேன்.

சூரசம்ஹாரத்தன்று சாயந்திரம் ஊரே தெருவில் நின்றது. நானும் நின்றேன், எனக்குப் பக்கத்தில் டாக்டர். குமரவேல் கச்சை கட்டி, கத்தி ஏந்தி, மூன்றாவது ஆளாக வந்தார். ஒரு அடி பிசகவில்லை. சூரன் தலை விழுந்து, தீபாராதனை முடிந்து, ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள். கிண்ணங்கள் வந்தன. முதல் ஆள் குடித்தார், இரண்டாவது ஆள் குடித்தார். குமரவேல் இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படியே நின்றார். பின்னாலிருந்து யாரோ, “குடிக்க மாட்டான் பாரு, இதைவிட நல்ல சரக்கு இருக்குது” என்றான். சிரித்தார்கள். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

ஆறுமுகம் ஐயா வரிசை ஓரத்திலிருந்து நடந்து வந்தார். குமரவேல் முன்னால் நின்று, இரண்டு கையையும் குழித்து, விபூதிக்கு நீட்டுவது போல நீட்டினார்.

“ஊத்துடா. உங்கப்பன் பங்குன்னு குடிச்சிக்கிறேன்.”

குமரவேல் ஊற்றினார். ஐயா ஒரு சொட்டு கீழே விடாமல் உறிஞ்சி முடித்து, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டார். அடுத்த கிண்ணம் நாலாவது ஆளிடம் போனது. டாக்டர் சம்பத் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்?

குமரவேல் இன்றும் நெய்கிறார். எப்போதாவது கல்யாண வீட்டில் ஆசையை அடக்க முடியாமல் ஜாங்கிரி தின்றுவிட்டு வந்து நிற்பார், சரசு திட்டிக்கொண்டே கூட வருவாள். கச்சை அவரிடம்தான் இருக்கிறது. பானகம் அவர் முறை வரும்போது வேறு யாராவது கை நீட்டுகிறார்கள். இப்போது அதற்குப் போட்டியே இருக்கிறதாம்.

ஆனால் நான் மறக்காதது சூரசம்ஹாரத்துக்கு மறுநாள் காலை. லேப் திறக்கும்போதே ஆறுமுகம் ஐயா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அது அவர் மாதச் சோதனைக்கான நாளே இல்லை. என்னைப் பார்த்ததும், சொல்லாமலே, கையை மலர்த்தி நீட்டினார்.

“எடு நர்சம்மா. எவ்ளோ ஏறிக்கிதுன்னு பாத்துடலாம்.”

சர்க்கரை ஏறித்தான் இருந்தது, நன்றாகவே ஏறியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவருக்கு அவ்வளவு மோசமான ரிசல்ட் வந்ததில்லை. கையெழுத்துக்காக டாக்டர் சம்பத் முன்னால் வைத்தேன். யார் எடுத்தது, எப்படி எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“பாகுந்தி.”